பால் பிடிக்கும் முன் கிட்டி போடு



சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சம்பா வயல்களில் எலி பிடிக்கக் கிட்டி போடும் தொழிலுக்கு நீ புதிதாக வந்திருக்கிறாய். மூங்கிலை வளைப்பது, சுருக்கு கட்டுவது, எலி நடக்கும் தடம் பார்ப்பது எல்லாம் உன் ஊர்ப் பெரியவர்களே சொல்லித் தருவார்கள். நான் எழுத நினைத்தது, கிட்டியை எந்த வாரத்தில் போட வேண்டும் என்பதைப் பற்றி மட்டும்தான். இந்தத் தொழிலில் கைத்திறனைவிட நாள் பார்ப்பது பெரிது என்பது என் உறுதியான எண்ணம். உன் கிட்டியில் எலி விழுமா என்பதை, அந்த வாரம் வயலில் அதற்கு வேறு என்ன தீனி கிடைக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

சம்பாப் பயிரின் போக்கைக் கவனி. நடவு முடிந்து தூர் கட்டும் வரை வயலில் எலிக்குப் பெரிதாகத் தீனி இல்லை. தண்டைக் கடித்துக் குருத்தைத் தின்னும். நண்டு, நத்தை, வரப்புப் புல் என்று அலையும். அப்போது நீ வைக்கும் பொரியும் கருவாடும் அதற்கு விருந்து. கதிர் வெளிவந்து பால் பிடித்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். வளையை விட்டு இரண்டடி நகர்ந்தாலே வயிறு நிறையும்போது உன் பொரியைத் தேடி அது ஏன் வர வேண்டும்? அதோடு, கதிர் விடும் காலத்துச் சத்தான தீனிதான் பெண் எலிகளைச் சினைக்குத் தயார்ப்படுத்துகிறது. நெல் விளையும் பல நாடுகளில் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டிகள் சாதாரணம். தூர் கட்டும் நாளில் நீ பிடிக்கும் ஒரு பெண் எலி, அறுப்பு நாளில் ஒரு வளை நிறைய எலி இல்லாமல் செய்கிறது. அதே எலியை மார்கழிக் கடைசியில் பிடித்தால் அந்த ஒன்றுதான் குறையும்.

உலகத்தில் வேட்டைக்காரர்கள் பலர் இதே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். அமெரிக்கக் காடுகளில் ஓக் மரங்கள் நன்றாகக் காய்க்கும் ஆண்டில் மான்கள் உதிர்ந்த கொட்டையைத் தின்று காட்டுக்குள்ளேயே இருந்துவிடும். சோளத்தைக் கொட்டிவைத்து வயலோரம் காத்திருப்பவர் மானே இல்லை என்று நினைப்பார். காய்ப்பு பொய்த்த ஆண்டில் அதே மான்கள் வயலுக்கு வந்து நிற்கும். (நம் நாட்டில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; அந்த வேட்டைக்காரர்களின் கவனத்தை மட்டும் எடுத்துக்கொள்.) எலியிடமும் இதே கணக்கைப் பார்க்கலாம். மிசோரம் மலைகளில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் காடே பூத்துக் காய்க்கிறது. 1959-ஐ ஒட்டியும் 2007-ஐ ஒட்டியும் அப்படி நடந்தது. மூங்கில் காயைத் தின்று பெருகிய எலிகள், காய் தீர்ந்ததும் நெல்லுக்குள் இறங்கின. அதனால் வந்த 1959 பஞ்சம் அந்த மலைகளின் அரசியலையே புரட்டிப்போட்டது. பெருக்கத்துக்கும் படையெடுப்புக்கும் காரணம் தீனி வந்ததும் போனதும்தான்.

‘கதிர் சாய்ந்த பிறகுதானே வயல்காரர் கூப்பிடுகிறார், முன்னாலேயே போனால் யார் கூலி தருவார்?’ என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, இந்தத் தொழிலின் உண்மையான சிக்கலே இதுதான். தூர் கட்டும்போது எலி வெட்டிய பயிர் மறுபடி துளிர்த்து இடத்தை மூடிவிடும். அதனால் வயல்காரர் கண்ணுக்குச் சேதம் படுவதில்லை. கதிர் வந்தபின் வெட்டினால் பயிருக்கு ஈடுகட்ட நாளில்லை; அப்போதுதான் உனக்கு ஆள் அனுப்புகிறார். ஆகவே முதலிலேயே வரப்பில் அவரை நிறுத்திக் காட்டு. சாய்வாகச் சீவியது போல வெட்டுப்பட்ட தூர், வளை வாயில் தள்ளிய புது மண், உள்ளிருந்து மண்ணால் அடைத்த வாய். நண்டு வளையைச் சுற்றி உருண்டை உருண்டையாகச் சேறு கிடக்கும். அதை எலி வளை என்று சொல்லிவிடாதே, ஒரு தடவை தவறினால் உன் பேச்சை நம்பமாட்டார். கூலியையும் எலிக்கு இவ்வளவு என்று பேசாமல் ஏக்கருக்கு, பருவத்துக்கு என்று பேசு. தலைக்கணக்குக் கூலி, எலி பெருகட்டும் என்று காத்திருப்பவனுக்குத்தான் லாபம். அது பயிருக்கும் ஆகாது, தொழிலின் மானத்துக்கும் ஆகாது.

இன்னொரு மறுப்பும் உண்டு. அறுப்பு முடிந்தபின் வளையை வெட்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்த நெல்லும் கிடைக்கும். கடலூர் மாவட்டத்து இருளர்கள் புகை போட்டும் வெட்டியும் தலைமுறை தலைமுறையாக அதைத்தானே செய்கிறார்கள்? செய்கிறார்கள், அது சரியான முறைதான். வயல் காலியானதும் எலி வரப்புக்குள் ஒதுங்குகிறது. அந்த நேரத்துக்கு மண்வெட்டி பொருந்துகிறது. அவர்களும் தீனியின் கணக்கைப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். ஆனால் அப்போது வளைக்குள் இருப்பது வயல்காரர் ஏற்கெனவே இழந்த நெல். மருந்து வைப்பதும் இந்தக் கணக்குக்குத் தப்பாது. பால் கதிர் இருக்கும்போது மருந்திரையும் தீண்டப்படாமல் கிடக்கும். கொஞ்சம் தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. சில மருந்துகள் எலியைத் தின்னும் கூகையையும் பாதிக்கும். எலியைக் கொல்ல வயலில் மின்கம்பி இழுப்பவர்களோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேராதே. அதில் மனித உயிர்கள் போயிருக்கின்றன.

நம் பக்கம் கடைமடை என்பதால் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. கீழணையிலிருந்தும் வீராணம் ஏரியிலிருந்தும் தண்ணீர் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஒருவர் நேரடியாக விதைக்கிறார், ஒருவர் மூன்று வாரம் தள்ளி நடுகிறார். முதல் வயலில் அறுப்பு முடியும்போது அடுத்த வயலில் பால் பிடிக்கிறது. எலிக்கு விருந்து நீள்கிறது, குட்டி போடும் காலமும் நீள்கிறது. எனவே தனி வயலுக்கு ஒத்துக்கொள்ளாதே. ஒரு வாய்க்கால் பாசன வயல்களைச் சேர்த்துப் பேசு. யார் முதலில் நட்டார், யார் கடைசியில் நட்டார் என்று எழுதிவைத்துக்கொள். முதல் வயலில் தொண்டைக் கதிர் தெரிவதற்குள் எல்லா வயலிலும் கிட்டி வேலை முடிந்திருக்க வேண்டும். தை மாசியில் அறுத்த தாளுக்குள் உளுந்து முளைக்கும்போது திரும்பி வா. தீனி குறைந்த அந்த நாளில் உன் பொரிக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கும்.