கஞ்சியும் அரைத் தேக்கரண்டி உப்பும்

ஜூன் மாதத்து ஜபல்பூர். மழை இன்னும் இறங்கவில்லை. ‘லூ’ எனப்படும் அனல்காற்று பகலெல்லாம் வீசிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் நான்கு வயதுச் சிறுவனுக்கு விடியற்காலையில் வயிற்றுப்போக்குத் தொடங்கியது. முதல் நாள் மாலை சந்தைக்குச் சென்றபோது அவன் பனிக்கட்டி இட்ட கரும்புச்சாறு குடித்திருந்தான். காலை எட்டு மணிக்குள் நான்கு முறை போய்விட்டது. தந்தை முதல் ஷிப்டுக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தார்.

பக்கத்து வீட்டு அம்மையார் செய்தி கேட்டு ஓடிவந்தார். “குடிக்கத் தண்ணீரே கொடுக்காதீர்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? வயிறு காய்ந்தால் தானாக நின்றுவிடும்” என்று இந்தியில் கூறினார். கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றியது. தாய் தயங்கி நின்றார். சிறுவனோ தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தான்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் அக்காள் தொலைபேசியை எடுத்துத் தென்காசியில் இருக்கும் ஆச்சியை அழைத்தாள். பாட்டியை ஆச்சி என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

“ஆச்சி, தம்பிக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?”

“தண்ணீரை நிறுத்தினால் பிள்ளை வாடிப்போவான் கண்ணு. ஒரு பிடி அரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுக்கச் சொல். மடமடவென்று குடிக்க விடாதீர்கள். கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள்.”

“எவ்வளவு உப்பு, ஆச்சி?”

“கைப்பதம்தான். கண்ணீர் கரிக்குமே, அதைவிடக் கூடுதலாகக் கரிக்கக் கூடாது. சரி, அம்மாவிடம் கொடு.”

ஆச்சி ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும் அன்று காலை கிடைத்த இரண்டு அறிவுரைகளுள் அவர் கூறியதே சரியானது. அதற்கான காரணத்தை அறிந்துகொள்வது நலம்.

வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் கிருமி அன்று, நீரிழப்பே. குழந்தையின் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். அந்நீருடன் உப்புகளும் கலந்துள்ளன. கழிச்சலில் இரண்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. வெளியேறிய அளவை உடனுக்குடன் ஈடு செய்யாவிட்டால் குருதியின் அளவு குறையும், சிறுநீர் நின்றுபோகும், குழந்தை துவண்டு விழும். தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினாலும் கழிச்சல் நிற்பதில்லை. உடலில் எஞ்சியிருக்கும் நீரை அது எடுத்துக்கொண்டு போகும். பக்கத்து வீட்டு அம்மையாரின் கணக்கில் விடுபட்டது இதுதான். இந்தக் கணக்கைப் பிழையாகப் போடுபவர்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றனர், தமிழ்நாட்டிலும் உள்ளனர்.

வெறும் தண்ணீர் போதாதா என்னும் வினா எழலாம். போதாது. இழந்த உப்பையும் திருப்பித் தரவேண்டும். ஆனால் நோயுற்ற குடல் உப்பைத் தனியே எளிதில் ஏற்பதில்லை. குடலின் உட்சுவரில் ஒரு விந்தையான வாயில் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால்தான் அவ்வாயில் திறக்கும். அவ்விரண்டும் நுழைந்தால் நீரும் அவற்றைப் பின்தொடர்ந்து உடலுக்குள் செல்லும். கடும் வயிற்றுப்போக்கிலும் இவ்வாயில் பெரும்பாலும் பழுதடைவதில்லை. ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1960ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். கஞ்சியில் சர்க்கரை எங்கே உள்ளது? அரிசியின் மாவுப்பொருள் செரிக்கும்போது குளுக்கோசாகவே மாறுகிறது. ஆகவே உப்பிட்ட கஞ்சியில் நீர், உப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. ஆச்சிக்குக் கிரேன் யாரென்று தெரியாது. கஞ்சி குடித்த பிள்ளை எழுந்து உட்கார்வதை அவர் பலமுறை பார்த்திருந்தார், அவ்வளவே.

பார்த்து அறிந்ததற்கும் அளந்து மெய்ப்பித்ததற்கும் இடையே ஒரு தொலைவு உண்டு. அத்தொலைவைக் கடந்த வரலாறு நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

1971ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவிற்குள் வந்தனர். மேற்கு வங்காளத்தின் எல்லையோர ஊராகிய பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. அக்காலத்தில் காலராவுக்கு உரிய மருத்துவம் நரம்பின் வழியே உப்புநீரை ஏற்றுவதாகும். அதற்குக் குப்பிகளும் ஊசிகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பி, நோயாளிகள் தரையில் கிடந்தனர். குப்பிகளின் இருப்புத் தீர்ந்துகொண்டிருந்தது.

அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனபிஸ் துணிவான ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் அளவில் கலந்து, அதனை வாய்வழியே புகட்டச் செய்தார். பொடிகள் கல்கத்தாவில் அளந்து பைகளில் அடைக்கப்பட்டன. பன்காவில் பெரிய பீப்பாய்களில் நீர் நிரப்பிக் கரைக்கப்பட்டன. நோயாளியின் தாயோ, தமக்கையோ, அண்ணனோ குவளையில் பிடித்துப் புகட்டினர். செவிலியருக்காகக் காத்திருக்கும் நிலை மாறியது. முன்பு 100 பேருக்கு ஏறத்தாழ 30 பேர் வரை இறந்த நிலை மாறி, அவர் கண்காணிப்பில் இருந்தவர்களுள் இறப்பு 100க்கு 4 என்பதற்கும் கீழே வந்தது. இதுவே இன்று ஓ.ஆர்.எஸ். என்று நாம் அறியும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் ஆற்றலை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருநிகழ்வு. மகாலனபிஸ் 2022ஆம் ஆண்டில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஜபல்பூர் வீட்டில் கஞ்சி வேகுவதற்குள் அக்காள் வேறொன்று செய்தாள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தாள். தேக்கரண்டி குவியலாக இருக்கக் கூடாது. விரலால் வழித்துச் சமமாக எடுக்கவேண்டும். கல்லுப்பை அரைத் தேக்கரண்டி எடுத்தால் இடைவெளியினால் அளவு மாறும். ஆகையால் தூளுப்பே ஏற்றது. ஒரு லிட்டர் நீர்க்கஞ்சிக்கும் அதே அரைத் தேக்கரண்டிதான்.

அளவில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு? உப்பு மிகுந்தால் குருதியில் சோடியம் ஏறி, சிறு குழந்தைக்கு வலிப்பும் வரக்கூடும். சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் மேலும் நீரை இழுத்து, கழிச்சலைக் கூட்டும். புட்டியில் வரும் குளிர்பானங்களும் இனிப்புப் பழச்சாறுகளும் வயிற்றுப்போக்கில் தீங்கு செய்வது இதனால்தான். ஆச்சியின் ‘கண்ணீர்ச் சுவை’ நல்ல சோதனையே. ஆனால் ஆச்சியின் நாக்கு அறுபது ஆண்டுப் பழக்கம் உடையது. புதிதாகச் செய்பவர்க்குத் தேக்கரண்டியே துணை.

கடையிலும் அரசு நலவாழ்வு நிலையங்களிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி கிடைக்குமானால் வீட்டுக் கரைசலைவிட அதுவே மேல். அதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் சேர்ந்துள்ளன. ஆனால் உறையைப் படிக்காமல் பிரிப்பதே பெரும்பிழை. ஒரு லிட்டருக்கு உரிய உறையும் உண்டு. 200 மில்லிலிட்டருக்கு உரிய சிற்றுறையும் உண்டு. பெரிய உறையை ஒரே குவளையில் கொட்டிக் கலக்குவோர் பலர். அது மருந்தன்று, உப்புக் குழம்பு. கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கவும் கூடாது.

கஞ்சிப் பாத்திரம் இறங்கியபோது பக்கத்து வீட்டு அம்மையார் மீண்டும் வந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தவர், “அட, இது மாண்ட்! எங்கள் பாட்டி இதைத்தான் கொடுப்பார்” என்று வியந்தார். சோறு வடித்த நீரை இந்தியில் ‘மாண்ட்’ என்பர். தாம் சிறுவயதில் குடித்ததை அவரே மறந்திருந்தார். கஞ்சி என்று கேட்டால் வட இந்தியாவில் வேறொன்று வரக்கூடும் என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். அங்குக் ‘காஞ்சி’ என்பது கருங்கேரட்டும் கடுகும் இட்டுப் புளிக்கவைத்த காரமான பானம். நம் கஞ்சியோ கடல் கடந்து, ஆங்கிலத்தில் ‘காஞ்சீ’ என்னும் சொல்லாகவும் வழங்குகிறது.

கஞ்சியுடன் உணவையும் நிறுத்தக் கூடாது. குழைந்த சோறு, தயிர், இட்டலி, வாழைப்பழம், பாசிப்பருப்புக் கிச்சடி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் தரலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சோடியம் குறைவு. ஆகவே இடையிடையே கொடுக்க நல்லது. ஆனால் கரைசலுக்கு மாற்றாகாது. நீர்மோரில் உப்பிட்டுத் தருவதும் நன்று. ஆறு மாதத்திற்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் கஞ்சியும் வேண்டா, மோரும் வேண்டா. தாய்ப்பாலை நிறுத்தாமல் தந்து, உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வீட்டு மருந்து என்று சொல்லப்படுவன எல்லாம் கஞ்சியைப் போன்றவை அல்ல. குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றவுடன் வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று அதற்குப் பெயரே இட்டிருக்கின்றனர். வசம்பில் உள்ள ஆசரோன் என்னும் பொருள் தீங்கானது என்பதால் அமெரிக்காவில் அதனை உணவில் சேர்ப்பது 1968 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. குழந்தை மருத்துவர்களும் அதைத் தரவேண்டா என்றே கூறுகின்றனர். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. பழமை என்பதனால் மட்டும் ஒன்று நன்மருந்தாகிவிடாது. கஞ்சி நிலைத்தது பழையது என்பதால் அன்று, சோதனையில் தேறியதால்.

பகல் இரண்டு மணிவரை சிறுவன் தேறுவதுபோல் இருந்தான். ஒவ்வொரு முறை கழிச்சலுக்குப் பின்னும் அரைக் குவளைக் கரைசல் உள்ளே சென்றது. மூன்று மணிக்கு வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒரு கரண்டியாகத் தாய் புகட்டினார். மறுபடியும் வாந்தி. அப்போது அக்காள் ஒன்றைக் கவனித்தாள். தம்பி அழுதுகொண்டிருந்தான், ஆனால் கன்னம் ஈரமாகவில்லை.

“அம்மா, இவனுக்குக் கண்ணீரே வரவில்லை. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை.”

தாய் அவன் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். மடிப்பு உடனே விரியாமல் மெதுவாகவே தாழ்ந்தது. கண்களும் குழிந்திருந்தன. அவர் கஞ்சிப் பாத்திரத்தை மூடிவிட்டுச் சிறுவனைத் தூக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மையார் ஆட்டோவை அழைத்து வந்தார். வழியெல்லாம் அக்காள் கரண்டியால் புகட்டிக்கொண்டே சென்றாள்.

கண்ணீர் வற்றுதல், கண் குழிதல், தோல் மடிப்பு மெதுவாக விரிதல், சிறுநீர் நிற்றல், தொடர் வாந்தி, மலத்தில் குருதி, கடுங்காய்ச்சல், குடிக்க இயலாமை, அழைத்தால் விழிக்காத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வீட்டு மருத்துவத்தின் எல்லை அங்கே முடிந்தது என்று பொருள். வண்டி கிடைக்காவிட்டால் 108ஐ அழைக்கவேண்டும்.

மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்டது, “காலையிலிருந்து என்ன கொடுத்தீர்கள்?” என்பதுதான். அக்காள் அளவுடன் கூறினாள். மருத்துவர் சிறுவனை எடை பார்த்தார், 15 கிலோ. நான்கு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தம் கண்ணெதிரே புகட்டச் செய்தார். வாந்தி நின்றது. ஊசி வழியே நீர் ஏற்றும் தேவை எழவில்லை. “தண்ணீரை நிறுத்தியிருந்தால் இவனை வேறு நிலையில் பார்த்திருப்பேன்” என்றார். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையை 14 நாள்களுக்கு எழுதித் தந்தார். கழிச்சல் நின்றபின்னும் அதை நிறுத்தக் கூடாது என்று வற்புறுத்தினார். கழிப்பறைக்குச் சென்று வந்தபின்னும் உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கைகழுவச் சொன்னார். சாலையோரப் பனிக்கட்டியைப் பற்றி அவர் கூறியதைச் சிறுவன் கேட்காதவன்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவு ஒன்பது மணிக்குத் தென்காசியிலிருந்து தொலைபேசி வந்தது. ஆச்சி நலம் விசாரிக்கவில்லை. கஞ்சியைப் பற்றியும் கேட்கவில்லை.

“தம்பி ஒன்றுக்குப் போனானா?”

“இரண்டு முறை, ஆச்சி.”

“அப்படியானால் நான் தூங்கப் போகிறேன்” என்றார் ஆச்சி.

பயிற்சி

1. தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினால் வயிற்றுப்போக்கு நிற்கும் என்னும் கருத்து ஏன் பிழையானது?

2. உப்பிட்ட கஞ்சி குடலில் எவ்வாறு பயன்படுகிறது? உங்கள் சொற்களில் எழுதுக.

3. ‘கைப்பதம்’, ‘கரித்தல்’, ‘துவண்டு விழுதல்’ ஆகியவற்றைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.

4. அக்காள் தம்பியிடம் கவனித்த இரண்டு அறிகுறிகள் யாவை?

5. உங்கள் பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டு, அவற்றைத் தமிழிலும் அவரவர் மொழியிலும் உள்ள பெயர்களுடன் எழுதி வருக.