உளுந்து கற்பித்த பாடம்

(இளமறிவியல் மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

முன்னுரை

நம் கல்லூரியில் பயிலும் மாணவருள் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகளே. ஆயினும், "படித்து முடித்தபின் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால், "உழவு செய்வேன்" என்று விடை கூறுவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். நானும் அவ்விடை கூறாதவர் கூட்டத்தைச் சேர்ந்தவனே. புதுக்கோட்டை மாவட்டத்தில், வானம் பார்த்த பூமியில், எங்களுக்கு ஒரு ஏக்கர் புன்செய் உண்டு. தந்தையார் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபின் அது ஐந்தாண்டுகள் தரிசாய்க் கிடந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் என் அப்பத்தாவின் தூண்டுதலால் அந்நிலத்தில் உளுந்து விதைத்தேன். முதல் ஆண்டு நட்டம். மறு ஆண்டு சிறிது ஆதாயம். அந்த இரண்டு பட்டங்களிலும் வயலில் கற்றதையும் வகுப்பறையில் கற்றதையும் இணைத்து, பயறு வகைச் சாகுபடி சிற்றூரின் வறுமையை எவ்வளவு குறைக்கும், புதிதாக உழவுக்கு வருவோர்க்கு அது எவ்வாறு முதற்பாடமாக அமையும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஏன் பயறு?

2015–16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலவுடைமை 0.75 எக்டேர்; அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உழவருள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் சிறு, குறு உழவர். இத்தகையோரில் கிணறும் மின் இணைப்பும் இல்லாதவர் நெல்லையோ கரும்பையோ நம்பியிருக்க இயலாது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, துவரை ஆகியவையே அவர்களுக்கு ஏற்ற பயிர்கள். உளுந்து 65 முதல் 75 நாள்களில் விளைந்துவிடும். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். மழை காலத்தில் பெய்தால் இறைப்புக்கூட வேண்டுவதில்லை.

இனித் தேவையைப் பார்ப்போம். உலகிலேயே மிகுதியாகப் பயறு விளைவிக்கும் நாடு இந்தியா. மிகுதியாக உண்ணும் நாடும், மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடும் இந்தியாவே. 2024–25ஆம் நிதியாண்டில் 70 இலட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதியாயிற்று. மியான்மரிலிருந்து உளுந்தும், மொசாம்பிக், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து துவரையும் வருகின்றன. நம் ஊர்ப் புன்செய்கள் முள் மண்டிக் கிடக்க, நம் வீட்டு இட்லிக்கு வேண்டிய உளுந்து கடல் கடந்து வருவது சிந்திக்கத் தக்கதன்றோ!

இந்நிலைக்குக் காரணமும் உண்டு. 1960களில் தொடங்கிய பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் நல்ல விதையும், பாசனமும், உறுதியான கொள்முதலும் தந்தது. பயறுகளோ வளம் குன்றிய மானாவாரி நிலங்களுக்குத் தள்ளப்பட்டன. நல்ல நிலம் நெல்லுக்கு, மிச்ச நிலம் பயறுக்கு என்பது வழக்கமாகிவிட்டது.

உணவு என்ற நோக்கிலும் ஒன்று கூறவேண்டும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உள்ளது. அதே அளவு உளுத்தம்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் உள்ளது. அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த நம் பாட்டிமார் அமினோ அமிலத்தின் பெயரை அறியார், பயனை அறிந்திருந்தனர்.

வேரில் நடக்கும் வேலை

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஆயினும் செடி அதனை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா அந்த நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது; செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. 1886இல் ஜெர்மானிய அறிஞர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் வேர் முடிச்சுகளின் இப்பணியை அறிவித்தனர். 1888இல் ஹாலந்து அறிஞர் பைஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

இதைத் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் விதைத்த முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சைப் பிளேடால் கீறி, உள்ளே இளஞ்சிவப்பு நிறம் கண்டபோதுதான் பாடம் விளங்கியது. அந்நிறம் லெக்ஹீமோகுளோபின் என்னும் பொருளால் வருவது. முடிச்சின் உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. "வேருல என்னத்த ராசா பாக்குற? பூ எடுத்துருச்சான்னு பாரு" என்று அப்பத்தா சிரித்தார். நான் விளக்கியதும், "அதான் பயறு போட்ட கொல்லையில மறுவருசம் கேவரகு நல்லா வருது" என்றார். அவர் அனுபவத்துக்கு நான் காரணம் கூறினேன். என் பாடத்துக்கு அவர் சான்று கூறினார்.

எனினும், "பயறு போட்டால் உரமே வேண்டாம்" என்பது மிகைப்பட்ட கூற்று. பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி மணியோடு வீட்டுக்கு வந்துவிடும். வேரும் உதிர்ந்த இலையும் மண்ணில் தங்கினால்தான் நிலத்துக்குப் பயன். செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுப்பதே முறை.

முதல் ஆண்டின் நட்டம்

முதல் ஆண்டு புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தேன். நான் செய்த பிழைகள் நான்கு. கடையில் கிடைத்த, இரகம் தெரியாத உளுந்தை விதையாக்கினேன். அதனை நேர்த்தி செய்யாமல் அப்படியே தூவினேன். ஐந்தாறு செடிகள் மஞ்சள் பூத்தபோது, வெயிலால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். களத்திலேயே வியாபாரியிடம் முழுவதையும் விற்றேன்.

மஞ்சள் பூத்தது வெயிலால் அன்று. அது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரசால் வருவது. மூன்று வாரத்தில் வயலில் பாதி மஞ்சளாயிற்று. ஏக்கருக்கு 96 கிலோ மட்டுமே கண்டது. மணியும் சிறுத்திருந்ததால் வியாபாரி கிலோவுக்கு 62 ரூபாய் தந்தார். தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய நேரம். பேரம் பேச எனக்கு வலுவில்லை. வரவு 5,952 ரூபாய். உழவு, விதை, களை, அறுவடை எல்லாம் சேர்ந்து செலவு 7,400 ரூபாய். எங்கள் இருவர் உழைப்பு கணக்கில் சேராது. வீட்டுக்கென்று ஒரு படி உளுந்துகூட வைக்கவில்லை. தந்தையார் தொலைபேசியில், "இந்தப் பணத்த அனுப்புறதுக்கு நான் எத்தன நாள் ஓவர்டைம் பாத்தேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாம் ஆண்டு

மறு ஆண்டு விதைப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவு செய்தேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்து வம்பனில்தான் உள்ளது. அங்கு உருவான வம்பன் 8 என்னும் இரகம் 2016இல் வெளியிடப்பட்டது. மஞ்சள் தேமலைத் தாங்கக்கூடியது. அதனையே விதைத்தேன். செய்த முறைகளைச் சுருக்கமாகத் தருகிறேன். விதைக்க எண்ணும் நண்பர்க்கு உதவும்.

1. விதை நேர்த்தி: ஏக்கருக்குரிய 8 கிலோ விதையுடன், 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்தல்.

2. இடைவெளி: வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. சதுர மீட்டருக்கு 33 செடிகள் இருக்கவேண்டும்.

3. களை: 15ஆம் நாளும் 30ஆம் நாளும் எடுத்தல்.

4. நோய்: மஞ்சள் கண்ட செடியை அன்றே பிடுங்கி அழித்தல்; வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தல்.

5. இலைவழி உரம்: 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாளே நீரில் ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, 200 லிட்டர் நீரில் கலந்து, பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளித்தல்.

6. சேமிப்பு: பல்லால் கடித்தால் "கடக்" என்று உடையும்வரை காயவைத்தல். விதைக்குரியதைச் சாம்பல் கலந்து வைத்தல்.

இவ்வாண்டு 248 கிலோ கிடைத்தது. விதைக்கு 10, வீட்டுக்கு 38 என்று முதலில் எடுத்துவைத்தார் அப்பத்தா. 100 கிலோவை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கிலோ 73 ரூபாய்க்கு விற்றோம், 7,300 ரூபாய். எஞ்சிய 100 கிலோவை இரண்டு மாதம் வைத்திருந்து மில்லில் உடைத்தோம். 72 கிலோ பருப்பு கண்டது. அதைக் கிலோ 130 ரூபாயாகத் தெரிந்தவர்களுக்கு விற்றோம். நம் கல்லூரி ஆசிரியர் சிலரும் வாங்கினர். மில் கூலி 700 போக 8,660 ரூபாய். பொட்டு மாட்டுக்கு ஆயிற்று. மொத்த வரவு 15,960, செலவு 9,800, மிச்சம் 6,160 ரூபாய்.

வறுமை குறையுமா?

இக்கணக்கை வைத்துக்கொண்டு "உளுந்து போட்டால் வறுமை ஒழியும்" என்று நான் கூறமாட்டேன். அறுவடை நேரத்தில் அடைமழை பிடித்தால் காயிலேயே மணி முளைத்துவிடும். அந்த ஆண்டு மீண்டும் நட்டமே. ஆனால் கணக்கை ஊன்றி நோக்கினால் மூன்று உண்மைகள் தெரிகின்றன.

முதலாவது, செலவு 9,800 ரூபாயில் 5,500 ரூபாய் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் கொடுத்த கூலி. அது எங்கள் ஊர்ப் பெண்கள் எண்மருக்கு, வேறு வேலையில்லாத நாள்களில் கிடைத்தது. ஒருவருடைய தரிசு உழுதால் எட்டு அடுப்பு எரிகிறது.

இரண்டாவது, வீட்டுக்கு வைத்த 38 கிலோ. அந்த ஆண்டு முழுவதும் நாங்கள் கடையில் உளுந்து வாங்கவில்லை.

மூன்றாவது, உளுந்தாக விற்ற 100 கிலோ 7,300 ரூபாய் தந்தது. பருப்பாக விற்ற 100 கிலோ 8,660 ரூபாய் தந்தது. அந்த வேறுபாடு விளைச்சலால் வந்ததன்று. காத்திருக்க முடிந்ததால் வந்தது. ஏழை உழவன் விளைவிக்கத் தெரியாமல் தோற்பதைவிட, காத்திருக்க முடியாமல் தோற்பதே மிகுதி. அரசு உளுந்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2024–25இல் குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். 2025–26இல் 7,800 ரூபாய். ஆனால் கொள்முதல் நிலையம் அருகில் இல்லாத ஊரில், அவசரத்துக்கு விற்பவனுக்கு அவ்விலை செய்தித்தாளில் மட்டுமே கிடைக்கிறது. 2025 அக்டோபரில் நடுவணரசு 11,440 கோடி ரூபாய் மதிப்பில் பயறு வகைத் தற்சார்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் வெற்றி, கொள்முதல் சிற்றூரின் களத்துமேடு வரை வருகிறதா என்பதைப் பொறுத்தே அமையும்.

புதிய உழவர்க்குப் பள்ளி

நீச்சல் கற்க விரும்புவோனை முதல் நாளே ஆழக் கிணற்றில் தள்ளுவதில்லை. அதுபோலவே, உழவு கற்க வருவோனுக்குக் கரும்போ வாழையோ முதற்பயிர் ஆகாது. ஓராண்டு காத்திருந்து, கடன்பட்டுத் தோற்றால் அவன் மறுபடி வயல் பக்கம் திரும்பான். உளுந்தோ எழுபது நாள் பள்ளி. உழவு, விதைத் தேர்வு, களை, பூச்சி, நோய், அறுவடை, சேமிப்பு, விற்பனை என்று உழவின் எல்லாப் பாடங்களும் அதில் அடங்கும். தோற்றாலும் இழப்பு தாங்கத்தக்கது. தவறு எங்கே என்பது நினைவில் இருக்கும்போதே அடுத்த பட்டம் வந்துவிடும்.

1989இல் இந்தோனேசியாவில் நெல் உழவர்க்காக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் "உழவர் வயல்வெளிப் பள்ளி" என்னும் முறையைத் தொடங்கியது. ஓர் ஊரின் உழவர் சிலர் வாரம் ஒருமுறை ஒரே வயலில் கூடி, செடியையும் பூச்சியையும் தாமே நோக்கி, கலந்து பேசி முடிவெடுப்பதே அம்முறை. இரண்டாம் ஆண்டில் எங்கள் ஊர் இளைஞர் நால்வரும் நானும் ஞாயிறுதோறும் அவ்வாறே கூடினோம். மஞ்சள் செடிகளை எண்ணிக் குறித்தோம். ஆசிரியை அப்பத்தாவே. அவருக்கு எழுத்துத் தெரியாது. எங்களுக்கு நிலம் தெரியாது. இரண்டும் சேர்ந்தபோது பாடம் நிறைவாயிற்று.

முடிவுரை

பொங்கலுக்கு வந்த தந்தையாரிடம் கணக்கு நோட்டைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இந்த ஆறாயிரத்த நம்பித் திருப்பூர விட்டு வரமுடியுமாப்பா?" என்றார். முடியாது என்பதே உண்மை. நானும் அதையே சொன்னேன். ஆனால் ஊருக்குப் புறப்படும்போது, "பக்கத்துக் கொல்லை அரை ஏக்கர் சும்மாத்தான கெடக்கு, வாரத்துக்குக் கேட்டுப் பாரு, வெதைய பத்திரமா வையி" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. வரும் புரட்டாசியில் ஒரு சிற்றூரில் ஒரு ஏக்கர் தரிசை எடுத்து, ஊர்ப் பெரியவரை ஆசிரியராகக் கொண்டு, நம் மாணவர் எழுபது நாளும் முறைவைத்துச் சென்று உளுந்து விளைவித்துப் பார்த்தல் வேண்டும். தாவரவியல் மாணவர் வேர் முடிச்சை ஆராயலாம். பொருளியல் மாணவர் வரவு செலவை எழுதலாம். விளைந்த பருப்பை விடுதிச் சமையலுக்கே தரலாம். முதல் விதைக்கு, சாம்பல் கலந்து வைத்த 10 கிலோவில் ஒரு பங்கைத் தர அப்பத்தா இசைந்துள்ளார். ஏர் பிடிப்பது படிக்காதவன் தொழில் என்ற எண்ணம் மாறினாலன்றி நம் சிற்றூர்கள் நிமிரா என்பது என் துணிபு.