வெற்றுரையும் வடிவமாற்றமும்

நூலின் பொருள் வேறு, தோற்றம் வேறு. சொல்லின் இருபுறமும் உடுக்குறியிட்டு அழுத்தத்தைச் சுட்டும் மார்க்டவுன் வெற்றுரையை அச்சுநூலாகவோ இணையப்பக்கமாகவோ மாற்றித் தருவது பாண்டொக். மெய்யியற் பேராசிரியர் ஜோன் மக்ஃபார்லேன் அதனை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது உரையை முதலிற் பகுத்துத் தலைப்பு, பந்தி, அழுத்தம் முதலிய உறுப்புக்களைக் கொண்ட மரமாக்கும். பின்னரே வேண்டிய வடிவில் எழுதும். இடையில் நின்று அம்மரத்தைத் திருத்துவதே வடிகட்டி நிரல். 2017 முதல் அதனை லூவா மொழியில் எழுதலாம்.

ஓர் உதாரணம் காண்போம். அழுத்தச் சொல் சாய்வெழுத்தாதல் வழக்கம். தமிழுக்குத் தடித்த எழுத்தே பொருந்துமெனின், 'எம்ஃப்' உறுப்பை 'ஸ்ட்ரோங்' ஆக்கும் மூன்று வரிகள் போதும். மூலத்தில் உடுக்குறிகளையே தேடி மாற்றப்புகின், கணக்கிலுள்ள பெருக்கற்குறியும் சிதையும். வடிகட்டியோ குறியை நோக்காது, அதன் பணியை நோக்கும். மூலம் பழுதின்றி நிற்கும். நாளை வேறு தோற்றம் வேண்டின், நிரலை மட்டும் மாற்றுக.