கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்று சொன்னால், கேட்பவரின் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: “சரி, கணக்குக்கு என்ன பண்றீங்க?” தமிழும் வரலாறும் அறிவியலும் வீட்டில் எப்படியோ நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள்கூட, கணக்கு என்றதும் தயங்குகிறார்கள். புதிதாக ஹோம்ஸ்கூலிங்கில் இறங்கும் பெற்றோருக்கும் அதே தயக்கம்தான். பணம் கரைவதும் அங்கேதான். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது, மகனுக்கு எட்டு. இந்த ஐந்து ஆண்டுகளில் நானும் நம்பிப் பிறகு திருத்திக்கொண்ட சில எண்ணங்களை இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை: இலவசமாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும்

இலவசம் என்றால் யாரும் காசு கொடுக்கவில்லை என்று பொருளல்ல. நமக்கு முன்பே வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். அது யார் என்று பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கான் அகாடமியின் கதை பலருக்குத் தெரியும். 2004இல் சல்மான் கான் தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 2008இல் அது லாப நோக்கமற்ற நிறுவனமானது, நன்கொடையில் நடக்கிறது, பாடங்களுக்கு இடையே விளம்பரம் கிடையாது. ஃபெட் என்ற சிமுலேஷன் தொகுப்பை, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். வடிவியல் மென்பொருளான ஜியோஜீப்ரா, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் செய்த முதுகலை ஆய்வில் பிறந்தது. என்ரிச் என்ற புதிர்த் தளத்தை நடத்துவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். இவற்றை மட்டம் என்று ஒதுக்கினால் நஷ்டம் நம் பிள்ளைக்குத்தான்.

‘இலவச சோதனைக் காலம்’ என்பது வேறு விஷயம். முதல் ஆண்டு ஒரு செயலியில் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் அவதிப்பட்டேன். ஒருநாள் ஒருவர் அழைத்து, “உங்க பொண்ணு வயசுக்கு ரெண்டு வருஷம் பின்தங்கி இருக்கா மேடம்” என்றார். அவள் அந்தச் செயலியில் மொத்தம் பதினைந்து நிமிடம்தான் விளையாடியிருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதல் பாடத்தைக் காட்டும் முன்பே தொலைபேசி எண்ணையோ வங்கி அட்டையையோ கேட்கும் தளத்தை மூடிவிடுவேன். ஃபெட், ஜியோஜீப்ரா, என்ரிச் மூன்றையும் பயனர் கணக்குத் தொடங்காமலேயே பயன்படுத்தலாம்.

நம்பிக்கை: இணையத்தில் இருப்பதெல்லாம் எடுத்துக்கொள்ளத்தான்

டெலிகிராம் குழுக்களில் சுற்றும் ஸ்கேன் செய்த கைடுகள் இலவசப் பாடங்கள் அல்ல, யாரோ ஒருவரின் உழைப்பைத் திருடியவை. பயன் என்று பார்த்தாலும் மோசம்தான். தமிழ்நாட்டில் 2018 முதல் படிப்படியாகப் பாடப்புத்தகங்கள் மாறின. பழைய பாடத்திட்டக் கைடுகள் இன்னும் புதியவை போலவே சுற்றுகின்றன. அரசுப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் அரசுத் தளத்திலேயே முறைப்படி இலவசமாகக் கிடைக்கும்போது, திருட்டுப் பிரதிக்கு வீட்டில் என்ன வேலை?

நம்பிக்கை: எவ்வளவுக்கு எவ்வளவு சேர்த்து வைக்கிறோமோ அவ்வளவு நல்லது

பென் டிரைவ் நிறையப் பயிற்சித்தாள் சேர்த்து வைத்திருந்தவள் நான். வாரத்துக்கு நான்கு தளம், ஒவ்வொன்றிலும் வேறு வரிசை. ஒன்றில் பின்னத்துக்குப் பிறகு தசமம், மற்றொன்றில் தசமத்துக்குப் பிறகு பின்னம். மகள் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கணக்கு படிப்படியாக ஏறுவது. நடுவில் ஒரு படி விட்டுப்போனால் அது இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியவரும்.

அதனால் ஒரு பாடநூலை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தேவைக்கு அழைத்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு. நாங்கள் வைத்திருப்பது தமிழ்நாடு அரசுக் கணக்குப் புத்தகம். அதில் பலர் திரும்பிப் பார்க்காத இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ‘இணையச் செயல்பாடு’. பாடத்துக்குப் பொருத்தமான ஜியோஜீப்ரா பக்கத்தை எப்படித் திறப்பது, எதை இழுத்துப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்லி, கியூஆர் கோடும் தந்திருப்பார்கள். எந்தத் தளம் நல்லது என்று நாம் தேடி அலையும் வேலையை ஆசிரியர்கள் ஏற்கெனவே செய்து அச்சிட்டும் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியல். மீச்சிறு பொது மடங்கு, விகிதமுறு எண் போன்ற சொற்களுக்கு நேராக ஆங்கிலச் சொல் இருக்கும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத் தளத்தில் எதையாவது தேட வேண்டுமென்றால் அந்தப் பட்டியல்தான் சாவி. என் மகள் அதைத் தனித்தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறாள்.

பக்கத்துணைக்கு என்சிஇஆர்டியின் ஆறாம் வகுப்புப் புத்தகமான ‘கணித பிரகாஷ்’ நன்றாக இருக்கிறது. 2024இல் வந்தது, அதுவும் இலவசம். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949இல் கண்டறிந்த 6174 என்ற எண் அதில் வருகிறது. இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். விடையை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். 3524 என்றால் 5432 − 2345 = 3087. அடுத்து 8730 − 0378 = 8352. அடுத்து 8532 − 2358 = 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் 6174 வந்துவிடும். என் மகன் ஒரு மழைநாள் மதியம் இதை நோட்டு நிறையப் போட்டான். கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்குத் தடுமாற்றமாக இருந்த காலம் அது. பத்துப் பயிற்சித்தாள் செய்யாததை அந்த ஒரு மதியம் செய்தது.

நம்பிக்கை: நல்ல வீடியோவைப் பார்த்தால் கணக்குப் புரிந்துவிடும்

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வீட்டுவழிக் கல்வியில் நான் செய்த பெரிய தவறு இதுதான்.

பின்னங்களைக் கூட்டுவது பற்றி மகள் இரண்டு வீடியோக்கள் பார்த்தாள். இரண்டுமே தெளிவானவை. “புரிஞ்சுதாம்மா” என்றாள். மறுநாள் 1/2 + 1/3 என்று எழுதிக் கொடுத்தேன். 2/5 என்று எழுதிவிட்டு எழுந்து போனாள். மேலே இரண்டையும் கூட்டிவிட்டாள், கீழே இரண்டையும் கூட்டிவிட்டாள். தெளிவாகச் சொல்லும் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நமக்கும் தெளிந்துவிட்டதாகத் தோன்றும். அது அவருடைய தெளிவு.

மறுபடியும் வீடியோவைப் போடத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டு கேட்டேன்: “2/5 பெருசா, 1/2 பெருசா?”

சிறிது யோசித்து, “அரைதான் பெருசு” என்றாள்.

“அப்போ அரை தோசையோட இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தா, அரையை விடக் குறைஞ்சிடுமா?”

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவளே ஒரு தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். இரண்டாக மடித்ததில் மூன்றாக மடித்தபோது ஆறு கட்டங்கள் வந்தன. அரை என்பது அதில் மூன்று, மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டு, ஆக மொத்தம் ஐந்து கட்டம். 5/6. பொதுப் பகுதி எதற்கு என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு ஃபெட்டின் பின்னச் சிமுலேஷனைத் திறந்து கொடுத்தேன். துண்டுகளை இழுத்துப்போட்டு வெவ்வேறு பின்னங்களைச் செய்து பார்த்தாள். அந்த வரிசை முக்கியம்: முதலில் கேள்வி, பிறகு கையால் ஒரு வேலை, அதற்குப் பிறகுதான் திரை.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிட வீடியோவை இரண்டு இடத்திலாவது நிறுத்தி, “அடுத்து என்ன செய்வார்னு நினைக்கிற?” என்று கேளுங்கள். முடிந்ததும் அலைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு அதே கணக்கை வேறு எண்களில் போடச் சொல்லுங்கள். தாளும் பென்சிலும் இல்லாமல் பார்த்த வீடியோவைக் கணக்குப் பாட நேரத்தில் சேர்க்காதீர்கள்.

நம்பிக்கை: புள்ளிகளும் நட்சத்திரங்களும் தரும் விளையாட்டுச் செயலிகளே பிள்ளைகளைக் கணக்கில் ஈர்க்கும்

அவை ஈர்ப்பது புள்ளிகளின் பக்கம். வாய்ப்பாட்டை வேகமாகச் சொல்லிப் பழக அவை உதவும், அதோடு சரி. நிதானமாக யோசிக்கும் பிள்ளைக்கு ஓடும் கடிகாரம் பயத்தைத்தான் தருகிறது.

விளையாட்டு வேண்டுமென்றால் சென்னைக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் பக்கம் போகலாம். பிள்ளைகளுக்கான கணிதச் செயல்பாடுகளுக்காகவே வாழ்ந்தவர், ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்தவர். நாட்காட்டியை வைத்து எண் விளையாட்டுகள் சொல்லும் அவருடைய சிறு நூல், பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டுங்கள். அவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் நடுவில் உள்ள தேதியின் ஒன்பது மடங்கு. ஏன் என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் காரணம் தேடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதையே இயற்கணிதத்தில் எழுதும்.

நம்பிக்கை: கணக்கு தெரியாத பெற்றோரால் முடியாது

தொடக்க வகுப்புகளுக்கு முடியும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர். மகனோடு சேர்ந்து மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தானும் நோட்டுப் போட்டுப் படித்துவருகிறார். “எனக்குச் சொல்லிக் குடுடா” என்று அவர் கேட்பது நடிப்பில்லை. விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயமே அந்தப் பையனைக் கூர்மையாக்கியிருக்கிறது.

ஆனால் ஒன்பதாம் வகுப்பை நெருங்கும்போது நிலைமை வேறு. இயற்கணிதமும் வடிவியல் நிரூபணமும் வரும்போது, பிள்ளை எழுதிய படிகளைப் படித்து எங்கே தவறு என்று காட்ட விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். எந்த இலவசத் தளமும் அதை முழுமையாகச் செய்யாது. ஓய்வுபெற்ற ஆசிரியரோ கல்லூரியில் கணிதம் படிக்கும் அக்காவோ வாரம் ஒருமுறை நோட்டைப் பார்த்தால் போதும். செலவு செய்வதாக இருந்தால் அதற்குச் செய்யுங்கள்.

நம்பிக்கை: இணையத்தில் படித்ததற்குச் சான்றிதழ் கிடைக்காது

தளம் தரும் சான்றிதழ் எதற்கும் உதவாது, உண்மைதான். தேர்வுக்கு வேறு வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ், மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும் பத்தாம் வகுப்பையும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். எந்த வழி என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, அந்தப் பாடத்திட்டத்தையே முதுகெலும்பாக வைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: தமிழில் ஒன்றுமே இல்லை

இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. பள்ளிக்கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ் விளக்கப் படங்கள் உண்டு. அரவிந்த் குப்தாவின் செய்முறை வீடியோக்கள் சில தமிழிலும் உள்ளன. ஃபெட் சிமுலேஷன்கள் சிலவும் தமிழில் வருகின்றன. அவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நேரத்திலும் ஓடும்.

குறையும் இருக்கிறது. தமிழில் உள்ளவற்றில் பெரும்பகுதி பாட விளக்கம்தான். உட்கார்ந்து அரைமணி நேரம் மல்லுக்கட்ட வைக்கும் புதிர்கள், என்ரிச்சில் இருப்பது போன்றவை, மிகக் குறைவு. நானே இரவில் மொழிபெயர்த்து மறுநாள் கொடுக்கிறேன். ஃபெட் சிமுலேஷன்களைத் தமிழாக்கியவர்கள் தன்னார்வலர்கள். அந்த மொழிபெயர்ப்புக் கருவியில் யார் வேண்டுமானாலும் பதிந்து பங்களிக்கலாம். ஒரு சிமுலேஷனில் பெரும்பாலும் சில பத்துச் சொற்கள்தான் இருக்கும். கணக்கும் தமிழும் அறிந்த ஆசிரியர்களே, கல்லூரி மாணவர்களே, உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள்.