சுருள்வில்லில் ஒரு மில்லிமீட்டர்

ஒரு காரை முழுதாக வாங்காமல், பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ள முடியுமா? முடியும். இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற பொறியாளர் 1957ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ‘லோட்டஸ் செவன்’ என்ற சிறிய பந்தயக் கார் அவ்வாறும் விற்கப்பட்டது. முழுக் காருக்கு அந்நாட்டில் அப்போதிருந்த கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கியவருக்கு இல்லை. 1973இல் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்றது.

இத்தகைய காரைப் பூட்டியவரே பெரும்பாலும் பழுதும் பார்ப்பார். சக்கரத்தருகே காரின் எடையைத் தாங்கும் சுருள்வில், அதாவது ஸ்பிரிங், உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அதேபோல் இருக்கும் வேறொன்றை வாங்கிப் பொருத்தினால் போதுமா? போதாது. ஏன் என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே அறியலாம்.

அமுங்குகிறதா, முறுகுகிறதா?

சுருள்வில்லை அழுத்தினால் அது குட்டையாகிறது. ஆகவே கம்பியும் அமுங்குகிறது என்றுதான் நினைப்போம். உண்மை வேறு. தலையில் கட்டும் ரிப்பன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பென்சிலின்மேல் தட்டையாக மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பென்சிலை மெல்ல உருவிவிட்டு, ரிப்பனின் இரு முனைகளையும் திருகாமல் நேராக இழுங்கள். சுற்றுகள் மறைந்து, ரிப்பனில் மூன்று முறுக்குகள் தோன்றியிருப்பதைக் காண்பீர்கள்! சுருளை நீட்டும்போது கம்பி ஒரு பக்கமாக முறுகுகிறது. அழுத்தும்போது எதிர்ப்பக்கமாக முறுகுகிறது. சுருள்வில் என்பது சுருட்டி வைக்கப்பட்ட முறுக்குக் கம்பியே.

மூன்று அளவுகள்

நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி. இராபர்ட் ஹூக் இதை 1676இல் எழுத்துகளைக் கலைத்து ஒரு புதிராக வெளியிட்டு, 1678இல் புதிரை விடுவித்தார். ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவையான விசையைச் சுருள்வில்லின் விறைப்பு என்போம். ஒரே வகை எஃகில் செய்த சுருள்வில்களில் விறைப்பை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன. அது கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், வளைய விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கும்.

கம்பித் தடிமன் 10 மில்லிமீட்டர், வளையத்தின் சராசரி விட்டம் 70 மில்லிமீட்டர், இயங்கும் சுற்றுகள் 8 எனக் கொண்டால் விறைப்பு மில்லிமீட்டருக்குச் சுமார் 36 நியூட்டன். இனி, தடிமன் மட்டும் 9 மில்லிமீட்டர் ஆகட்டும். 0.9இன் நான்காம் அடுக்கு சுமார் 0.66. எனவே விறைப்பு சுமார் 24 நியூட்டனாகக் குறைந்துவிடும். 130 கிலோகிராம் எடையின்கீழ் முதல் சுருள்வில் 35 மில்லிமீட்டர் அமுங்கும். இரண்டாவது 53 மில்லிமீட்டர் அமுங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர், காரின் ஒரு மூலையை 18 மில்லிமீட்டர் தாழ்த்திவிடுகிறது!

ஆகவே, பழைய கம்பியை வெர்னியர் அளவியால் அளக்குமுன் மேலுள்ள வண்ணப்பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். பூச்சு இருபுறமும் கால் மில்லிமீட்டர் இருந்தால், 10 மில்லிமீட்டர் கம்பி 10.5 எனக் காட்டும். இந்த 5 விழுக்காட்டுப் பிழை, விறைப்பில் 22 விழுக்காட்டுப் பிழையாகப் பெருகும்.

ஏன் உடைந்தது?

ஒரு சாக்கட்டியை இரு கைகளாலும் பிடித்து, வளைக்காமல் முறுக்கி உடையுங்கள். உடைந்த முகம் நேராக இராது. சாக்கட்டியின் நீளத்துக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் திருகுபோல் இருக்கும். உடைந்த சுருள்வில்லிலும் இத்தகைய சாய்ந்த முகம் அடிக்கடி காணப்படுகிறது. கம்பி முறுக்கினால் உடைந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

முறுக்கும்போது தகைவு கம்பியின் நடுவில் இல்லை, புறப்பரப்பில்தான் மிகுதி. ஆகவே பரப்பிலுள்ள சிறு கீறலும் துருக்குழியும் ஆபத்தானவை. மேடுபள்ளத்தில் லட்சக்கணக்கான தடவை அமுங்கி எழும்போது அங்கே நுண்ணிய விரிசல் தோன்றி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் கம்பி ஒடிந்துவிடும். இதுவே உலோகக் களைப்பு. பல சுருள்வில்களின் பரப்பில் தொழிற்சாலையிலேயே சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக மோதவிட்டு, விரிசல் எளிதில் திறவாதபடி பரப்பை இறுக்கிவிடுகிறார்கள்.

மாற்றும் முறை

காரைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். சக்கரத்தைக் கழற்றியபின், ஷாக் அப்சார்பரையும் அதைச் சுற்றியுள்ள சுருள்வில்லையும் ஒன்றாக இறக்க வேண்டும். ஆபத்து இனிமேல்தான். நம் சுருள்வில் 50 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால் அதிலுள்ள நிலை ஆற்றல் 45 ஜூல். ஒரு கிலோகிராம் கல் நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். மறையைச் சட்டென்று கழற்றினால் அவ்வளவும் முகத்தை நோக்கிப் பாயும். எனவே எதிரெதிராக இரு அழுத்துக் கவ்விகளை மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கிய பிறகே மறையைத் தொட வேண்டும். தேர்ந்த மெக்கானிக் அருகில் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. புதிய சுருள்வில்லின் முனைகள் கிண்ணங்களில் சரியாக உட்கார வேண்டும். ரப்பர் உருளை உள்ள போல்ட்டுகளைக் காரைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தின்மேல் விழுந்தபின் முழுதும் இறுக்க வேண்டும்.

உடையாததையும் மாற்றுவானேன்?

மறுபக்கச் சுருள்வில் உடையவில்லையே என்று விட்டுவிடலாமா? அதுவும் அதே சாலைகளில் அத்தனை தடவை அமுங்கியதுதான். மேலும், நான்கு கால் மேசையில் ஒரு கால் குட்டையானால் அக்காலும் அதன் குறுக்கெதிர்க் காலும் சரியாக எடை தாங்குவதில்லை. மற்ற இரண்டுமே தாங்குகின்றன. காரிலும் அப்படியே. எடை குறைந்த சக்கரம், பிரேக் போட்டதும் முதலில் வழுக்கும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே ஓர் அச்சின் இரு சுருள்வில்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு வினா. எட்டுச் சுற்றுச் சுருள்வில்லில் ஒரு சுற்று ஒடிந்து விழுந்துவிட்டது. எஞ்சிய ஏழு சுற்றுகளின் விறைப்பு கூடுமா, குறையுமா? அவ்வாறாயின் காரின் அந்த மூலை ஏன் தாழ்கிறது? பழைய பந்துமுனைப் பேனாவின் சுருள்வில்லைக் கையில் வைத்துக்கொண்டு சிந்தியுங்கள், விடை கிடைக்கும்.