பேச்சிலர் ரூம்

அன்புள்ள சகோதரிக்கு,

கீழக்கரையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் சார்ஜாவில் எனக்குக் கிடைத்தது. பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்க நேர்வது ஏன் என்று ஒரு கட்டுரை எழுதியபோது சாவு, விவாகரத்து, கைவிட்டுப் போவது என மூன்றைச் சொல்லி நிறுத்திவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் நல்லவர், வெளிநாட்டிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார், ஆனாலும் 9 வருஷமாக இரண்டு பிள்ளைகளையும் நீங்கள் ஒருவர்தான் வளர்க்கிறீர்கள். உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டது என் தவறு.

இங்கே அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துவரும் விசாவுக்குச் சம்பள அளவு உண்டு. மாதம் 4,000 திர்ஹாம். தங்க இடம் கம்பெனி கொடுத்தால் 3,000. 2019இல் வந்த விதி இது. அதற்கு முன்பு என்ன வேலை என்றும் பார்ப்பார்கள். கட்டட வேலைக்கு வந்தவர் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு இந்த எண்ணை எப்போது தொடுவார்? சவூதியில் குடும்பத்தோடு இருந்தவர்களுக்கும் சோதனை வந்தது. 2017 ஜூலையில் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் போட்டார்கள். அது ஆண்டுக்கு 100 வீதம் ஏறி 2020இல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600. எத்தனையோ பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஆண்கள் பலர் சேர்ந்து தங்கும் பேச்சிலர் ரூமுக்குப் போனார்கள். நாலு பிள்ளை பெற்றவரும் இங்கே பேச்சிலர்தான்!

துபாயில் அல் கூஸ் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படியொரு ரூமில் மேல்கட்டிலில் படுக்கிறார். சைட்டிலிருந்து வந்து, வரிசையில் நின்று குளித்து, சமைத்து முடிக்க எட்டரை ஆகிவிடும். ஊரில் அப்போது மணி பத்து. மகள் தூங்கியிருப்பாள். மனைவி போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடிப்பார். “லைட்டைப் போடாதே, முழிச்சுக்குவா” என்பார் இவர். இருட்டில் என்ன தெரியும்? இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இலங்கையில் பல வீடுகளில் வெளிநாடு போனவர் தாய். வீட்டு வேலைக்குப் போகும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை தர வேண்டும், ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் போகக் கூடாது என்று 2013இல் அங்கே விதி போட்டார்கள். வெளிநாடு போகும் தகப்பனிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

நம் ஊரில் இதைத் தியாகம் என்கிறோம், தலையெழுத்து என்கிறோம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. 4,000 என்ற எண்ணை மனிதர்கள்தான் எழுதினார்கள். அவர்களால் மாற்றவும் முடியும். கட்டுரையைத் திருத்துகிறேன், விசாவையும் காரணமாகச் சேர்த்து.

மகனின் ரேங்க் கார்டில் தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் உங்கள் பெயரையே போடுவது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்