டேப்லெட் இருக்க, பை எதற்கு?

கேள்வி: நான் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். என் மகள் சேலத்தில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுக்கிறாள், சின்ன செஸ்னா. என் வண்டியின் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், என் லைசென்ஸ் எல்லாம் போனில்தான் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் மடக்கினால் போனைக் காட்டுகிறேன், விட்டுவிடுகிறார்கள். இவள் மட்டும் டேப்லெட்டையும் வைத்துக்கொண்டு, ஒரு பை நிறையக் காகிதத்தையும் சுமக்கிறாள். கேட்டால், "சார் சொல்லியிருக்காரு" என்கிறாள். பூண்டியில் தண்ணீர் திறந்தால் எங்கள் தெருவில் ஓடும். காகிதத்தை நம்பிக் கெட்டவர்கள் நாங்கள். எல்லாவற்றையும் டேப்லெட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன?
- ஒரு வாசகர், சடையங்குப்பம்

பதில்: உங்கள் வண்டியைக் கொண்டே பேசினால் எளிது. ஆர்.சி.யும் எஃப்.சி.யும் வண்டிக்கு உரியவை. லைசென்ஸ் உங்களுக்கு உரியது. விமானத்திலும் இதே கணக்குதான். பதிவுச் சான்றிதழ், பறக்கும் தகுதிச் சான்றிதழ், அதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் ஏ.ஆர்.சி., ரேடியோவுக்கான உரிமம், ஜர்னி லாக் புத்தகம், ஃபிளைட் மேனுவல், எடைக் கணக்குச் சீட்டு ஆகியவை விமானத்துடையவை. உங்கள் எஃப்.சி.க்கு நேராக நிற்பது ஏ.ஆர்.சி.; அதன் தேதி முடிந்தால் விமானம் தரையில்தான். பறக்கும் உரிமம், மருத்துவத் தகுதிச் சான்று, ரேடியோவில் பேசுவதற்கான அனுமதி ஆகியவை மகளுடையவை. லாரியில் இல்லாத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: பறக்கும்போதே படிக்க வேண்டியவை. வரைபடம், செக்லிஸ்ட், வானிலை, அன்றைய எச்சரிக்கைகள், அலைவரிசை எண்கள்.

முதல் இரண்டு வகையும் பழைய சட்டத்தின் பிள்ளைகள். 1944 டிசம்பர் 7-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 29-வது பிரிவு, நாடு கடந்து பறக்கும் விமானத்தில் என்னென்ன ஆவணங்கள் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. அதற்கு முன்பே எழுதப்பட்ட நம் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 7-வது விதி இதற்கென்றே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆவணம் என்றாலே காகிதம்தான், அதனால் "காகிதமா, திரையா" என்ற கேள்வியே எழவில்லை. இப்போது எழுகிறது. அதற்கு ஒரே பதிலைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு தாளையும் எடுத்து, இதை யார் படிக்கப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். தரையில் நிற்கும் அதிகாரியா, வானத்தில் இருக்கும் உங்கள் மகளா?

விமானத்தின் காகிதங்களில் ஒரு விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. உங்கள் வண்டியை நீங்கள் மட்டும் ஓட்டுகிறீர்கள். அதனால் அதன் ஆர்.சி. உங்கள் போனில் இருப்பதில் கஷ்டமில்லை. பயிற்சிப் பள்ளி விமானத்தில் காலையில் இவள் ஏறுவாள், மத்தியானம் இன்னொரு மாணவர் ஏறுவார். பதிவுச் சான்றிதழை இவள் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டால் இவள் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கிவிடும். அசலைத் தன் பையில் போட்டுக்கொண்டால் இன்னும் மோசம், அடுத்தவர் காகிதமில்லாத விமானத்தில் பறப்பார். எனவே அவை விமானத்திலேயே, அதற்கென உள்ள உறையில் கிடக்க வேண்டும். மகளின் வேலை அவற்றைச் சுமப்பதல்ல. ஏறுமுன் உறையைத் திறந்து, எல்லாம் இருக்கின்றனவா, தேதி செல்லுமா, மேலே உள்ள பதிவெண் இந்த விமானத்தின் வாலில் உள்ள எண்தானா என்று பார்ப்பது.

எண்ணைப் பார்க்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. எடைக் கணக்குச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 152-ன் உச்ச எடை 757 கிலோ. வெறும் விமானம் சுமார் 520 கிலோ என்று வையுங்கள். டேங்க் நிரம்பினால் பயன்படும் எரிபொருள் சுமார் 67 கிலோ. மிச்சம் 170 கிலோ. பயிற்றுநரும் மாணவரும் தலா 85 கிலோ இருந்தால் அதற்கு மேல் ஒரு பைகூட வைக்க முடியாது. அந்த 520 என்பதோ விமானத்துக்கு விமானம் மாறும்: ஒன்றில் பெயின்ட் புதிதாக அடித்திருப்பார்கள், இன்னொன்றில் ரேடியோவை மாற்றியிருப்பார்கள். ஒரே மாடல், ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு விமானங்களுக்கும் சீட்டு வேறு வேறு. இணையத்தில் கிடைக்கும் பொதுவான பி.டி.எஃப். மேனுவலை டேப்லெட்டில் வைத்துக்கொண்டு அதன்படி கணக்குப் போடும் மாணவர்கள் உண்டு. படிப்பதற்கு அது சரி. பறப்பதற்கு அந்த விமானத்தின் சீட்டுதான்.

அடுத்து, மகளின் சொந்தக் காகிதங்கள். இங்கே காலம் உண்மையிலேயே மாறிவிட்டது. ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-ல் இந்தியாவின் முதல் எண் விமானி உரிமத்தைப் பெற்றார். அதற்கு 96 ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரி 20-ல், விமானிகளுக்கான மின்னணு உரிமத்தை விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்தது. அமைச்சர் ராம் மோகன் நாயுடு தொடங்கி வைத்தார். சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த இரண்டாவது நாடு நாம்தான். அதுவரை ஸ்மார்ட் கார்டாக வந்த உரிமத்தை இப்போது இ-ஜி.சி.ஏ. செயலியில் காட்டலாம். நீங்கள் 2018 முதல் உங்கள் லைசென்ஸைப் போனில் காட்டுகிற அதே சௌகரியம். ஆனால் மகள் இப்போது வைத்திருப்பது பயிற்சிப் பள்ளி வழியாக வரும் மாணவர் உரிமம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாணவர் உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் அசலாகவே அவள் கையில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டே தாள், கனம் ஒன்றுமில்லை.

வெள்ளத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த மணலி, எண்ணூர் பக்கத்து மக்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீரிலிருந்து முதலில் காப்பாற்ற வேண்டியது மகளின் லாக் புத்தகம். இது விமானத்தின் ஜர்னி லாக் அல்ல. அவள் பறந்த ஒவ்வொரு மணி நேரமும் பயிற்றுநரின் கையெழுத்தோடு பதிவாகும் அவளது சொந்தப் புத்தகம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அத்தனைக்கும் சாட்சி அதுதான், அதற்குள் நீங்கள் கட்டிய பணமும் இருக்கிறது. சிகாகோ பட்டியலில் இந்தப் புத்தகம் இல்லை. தினமும் அதைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டாம். பக்கம் நிரம்பியதும் படமெடுத்து, வீட்டிலில்லாத ஓரிடத்தில், மின்னஞ்சலிலோ கிளவுடிலோ, சேமித்துவிடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விடுமுறைக்கு வரும்போது அசலைச் சேலத்திலேயே விட்டுவிட்டு வரட்டும்.

இனி மூன்றாவது வகை. டேப்லெட்டை நான் எதிர்ப்பவன் அல்ல. நாள்பட்ட காகித வரைபடத்தைவிடப் புதுப்பித்த திரை ஆயிரம் மடங்கு மேல். வான்வழித் தகவல்கள் உலகெங்கும் 28 நாள் சுற்றில் மாறுகின்றன. போன வருஷம் அச்சடித்ததை மடித்து வைத்துக்கொண்டு "என்னிடம் காகிதம் இருக்கிறது" என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. உங்கள் பக்கத்து உதாரணமே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் எண்ணூர் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பீர்கள். அந்த நேரத்துக்கு அங்குள்ள வான்பகுதியை மூடி 'நோட்டாம்' என்னும் அறிவிப்பு வெளியாகும். ஏவுதல் தள்ளிப்போனால் நோட்டாமும் மாறும். எந்த அச்சு வரைபடத்திலும் அது இருக்காது.

பெரிய விமான நிறுவனங்களே காகிதத்தைக் கைவிட்டுவிட்டன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-ல், ஒவ்வொரு விமானியும் சுமந்த சுமார் 16 கிலோ பையை எடுத்துவிட்டு ஐபேடைக் கொடுத்தது. 2015 ஏப்ரலில் ஒருநாள், வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று செயலிக்குள் இரட்டையாகப் பதிவாகியிருந்ததால், விமானிகளின் ஐபேடுகளில் செயலி முடங்கியது. பல விமானங்கள் தாமதமாயின. ஓடுபாதைக்குப் போய்க்கொண்டிருந்த சில விமானங்கள் வைஃபை தேடி வாசலுக்குத் திரும்பின. இரண்டு விமானிகள், இரண்டு ஐபேடுகள், பின்னால் ஒரு பெரிய நிறுவனம். இவ்வளவு இருந்தும் அன்று ஒரே கோளாறு இருவரையும் ஒருசேர நிறுத்தியது. தனியாகப் பறக்கும் மாணவிக்குத் துணை ஒரே ஒரு திரை.

அந்தத் திரைக்கு இன்னொரு எதிரி நம் வெயில். ஐபேட் வேலை செய்யலாம் என்று ஆப்பிள் சொல்லும் வெப்ப அளவு 35 டிகிரி வரை. சேலத்து ஏப்ரலில் நிழலிலேயே அதைத் தாண்டும். முன்கண்ணாடிக்குப் பின்னால், வெயில் நேராக விழும் இடத்தில் பொருத்தி வைத்தால் சொல்லவே வேண்டாம். வெளிச்சம் மங்கும், பிறகு சூடு தணிய வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் திரையில் நிற்கும். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில கோணங்களில் திரை கறுப்பாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது என்பதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் வாங்கித் தருவதாக இருந்தால் சிம் போடும் மாடலாகப் பாருங்கள். வரைபடங்களைத் தரையிலேயே இறக்கி, டேப்லெட்டை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவை திறக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். மேலே போனால் டவர் கிடைக்கும் என்று நம்பக் கூடாது.

ஆக, அந்தப் பையில் முக்கால்வாசியை இறக்கிவிடலாம் என்பது என் எண்ணம். தடித்த மேனுவலின் நகல், பழைய வரைபடக் கட்டு, படிப்புக் குறிப்புகள் எல்லாம் டேப்லெட்டுக்குப் போகட்டும். இறக்கக் கூடாதவை செக்லிஸ்ட்டும், தொடையில் கட்டிக்கொள்ளும் பலகையில் செருகிய ஒரே ஒரு தாளும். அந்தத் தாளில் அன்றைய பயணம் கையெழுத்தில் இருக்கும்: ஒவ்வொரு கட்டத்துக்கும் திசை, தூரம், நிமிடம், எரிபொருள், போகுமிடம், மாற்று இடம் இரண்டின் அலைவரிசைகள். இவற்றோடு அன்று காலை பெற்ற ஏ.டி.சி. எண்ணும் எஃப்.ஐ.சி. எண்ணும். ஏ.டி.சி. என்பது வான் பாதுகாப்பு அனுமதி. விமானப்படை தரப்பிலிருந்து வருவது. எஃப்.ஐ.சி. எண் விமானத் தகவல் மையம் தருவது. ஊர் விட்டு ஊர் பறக்கும்போது கட்டுப்பாட்டாளர் ரேடியோவில் அந்த எண்களைக் கேட்டால், திரையைத் தேய்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு பென்சில் வைத்துக்கொள்ளட்டும். ஒன்று கண்டிப்பாக இருக்கைக்கு அடியில் உருண்டுவிடும்.